மண்டபத்துக்கு ஒன்று, தோல் தொழிற்சாலைக்கு வேறொன்று: டிரான்ஸ்பார்மர் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

ஆற்காடு பக்கம் ஒரு கல்யாண மண்டபம், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலை. இரண்டிலும் பின்கட்டில் சிமெண்ட் மேடை மீது ஒரே சாம்பல் நிறத்தில் டிரான்ஸ்பார்மர் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் மண்டபத்தில் இருப்பதற்கு முகூர்த்த நாளில்தான் வேலை. ஆடியிலும் மார்கழியிலும் கரண்டை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். தோல் தொழிற்சாலையில் இருப்பதற்கு ஓய்வே கிடையாது. டிரம் சுற்றும், பம்ப் ஓடும், கழிவுநீர் நிலையத்தில் ப்ளோயர் இரவெல்லாம் ஓடும்.

எரிந்த காயிலை மறுபடி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் பட்டறையில் சில வருடம் காயில் சுற்றிவிட்டு, இப்போது தொழிற்சாலைகளில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். "எந்த டிரான்ஸ்பார்மர் நல்லது?" என்று யார் கேட்டாலும், "ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எவ்வளவு லோடு?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் கோர், செம்பு, ஆயில் பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை.

டிரான்ஸ்பார்மரில் இரண்டு வகை இழப்பு உண்டு. கரண்ட் இணைப்பு இருக்கும் வரை, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோரில் (காயிலுக்கு நடுவே காந்தம் ஓடும் இரும்புத் தகட்டு அடுக்கு) நடக்கும் இரும்பு இழப்பு ஒன்று. லோடு ஏற ஏற காயிலில் நடக்கும் செம்பு இழப்பு இன்னொன்று. இது லோடின் வர்க்கத்தில் ஏறும்: லோடு பாதியானால் இழப்பு கால்வாசியாகிவிடும். டிரான்ஸ்பார்மருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1180-ன் பழைய பதிப்பில், 100 கே.வி.ஏ. திறன் கொண்ட டிரான்ஸ்பார்மருக்கு இரும்பு இழப்பு 260 வாட், முழு லோடில் செம்பு இழப்பு 1760 வாட். 260 வாட் என்றால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். நாளுக்கு 24 மணி நேரம், வருடத்துக்கு 8760 மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள், 2277 யூனிட் வருகிறது. ஹெச்.டி., அதாவது உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மீட்டர் டிரான்ஸ்பார்மருக்கு முன்னாலேயே இருப்பதால், அது அத்தனையும் அவர்கள் பில்லில்தான் விழும்.

இதே டிரான்ஸ்பார்மர் ஒரு நாளில் 9 மணி நேரம் மட்டும் 60 சதவீத லோடில் ஓடுகிறது என்று வையுங்கள். செம்பு இழப்பு நாளுக்கு 5.7 யூனிட், இரும்பு இழப்பு 6.2 யூனிட். சும்மா நிற்பதற்கான செலவே உழைப்பதற்கான செலவைவிட அதிகம். அதையே தோல் தொழிற்சாலையில் 20 மணி நேரம் 80 சதவீத லோடில் ஓட்டினால் செம்பு இழப்பு 22 யூனிட்டைத் தாண்டும், இரும்பு இழப்பு அதே 6.2-தான். ஆக, மண்டபத்துக்காரர் கோருக்குக் காசு செலவழிக்க வேண்டும், தொழிற்சாலைக்காரர் காயிலுக்கு. நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

சரி, கோரில் என்னென்ன இருக்கிறது? வழக்கமானது சி.ஆர்.ஜி.ஓ. தகடு. இரும்பில் சுமார் 3 சதவீதம் சிலிக்கான் சேர்த்து, குளிர்ந்த நிலையில் உருட்டி, உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் எல்லாம் ஒரே திசையில் அமையும்படி பதப்படுத்திய தகடு. இந்த முறைக்கு அமெரிக்காவின் நார்மன் காஸ் 1934-ல் காப்புரிமை பெற்றார். 0.23, 0.27, 0.30 மில்லிமீட்டர் தடிமன்களில் கிடைக்கிறது. உருட்டிய திசையில் காந்தம் சுலபமாக ஓடும், குறுக்கே ஓட முரண்டு பிடிக்கும். அதனால்தான் மூலைகளில் 45 டிகிரி சாய்வாக வெட்டிச் சேர்க்கிறார்கள். அந்தச் சேர்க்கையை எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் வைக்காமல், படிப்படியாக நகர்த்தி அடுக்கினால் இழப்பும் குறையும், ரீங்காரமும் குறையும்.

அதற்குப் போட்டி அமார்பஸ் கோர். உருகிய உலோகக் கலவையை வேகமாகச் சுழலும் சக்கரத்தின் மேல் ஊற்றி, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர வைக்கிறார்கள். அணுக்கள் வரிசை கட்டுவதற்கு நேரமே கிடைக்காமல் கண்ணாடி மாதிரி உறைந்துவிடுகின்றன. மணிகளே இல்லை என்பதால் காந்தம் திசை மாறும்போது தடையும் குறைவு. நாடாவின் தடிமன் 0.025 மில்லிமீட்டர்தான். ஒரு சி.ஆர்.ஜி.ஓ. தகட்டின் கனத்துக்கு ஒன்பது பத்து நாடாக்களை அடுக்கலாம். இரும்பு இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. மேலே சொன்ன 260 வாட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் வருடத்துக்கு 1500 யூனிட் மிச்சம்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் வாங்கவில்லை? முதல் காரணம், அமார்பஸ் 1.56 டெஸ்லாவிலேயே (டெஸ்லா என்பது காந்த அடர்த்தியின் அளவு) காந்தம் நிறைந்துவிடும். சி.ஆர்.ஜி.ஓ. 2 டெஸ்லா வரை தாங்கும். அதனால் அதே திறனுக்குக் கோர் பெரிதாகும், அதைச் சுற்றும் காயில் நீளும், டேங்க் பெரிதாகும், ஆயில் கூடும். இரண்டாவது, ரீங்காரம் அதிகம். மூன்றாவது காரணத்தைப் பட்டறையில் கையால் தொட்டே தெரிந்துகொண்டேன். பதப்படுத்திய அமார்பஸ் நாடா அப்பளம் மாதிரி நொறுங்கும். ரிப்பேருக்காகக் கோரின் வாயைத் திறந்தபோது மினுமினுவென்று சிம்புகள் உதிர்ந்தன. அதில் ஒன்று ஆயிலுக்குள் போய்க் காயிலில் ஒட்டிக்கொண்டால் போதும், இன்ஸுலேஷன் போச்சு. மெல்லிய துணியை விரித்து, தூசு தட்டுகிற தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். கையுறையைத் தாண்டியும் விரலில் குத்தியது. அந்தப் பொறுமை எல்லா பட்டறையிலும் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சி.ஆர்.ஜி.ஓ.வும் அடிதாங்கி என்று நினைத்துவிட வேண்டாம். காயில் மாற்றும்போது கோரின் மேல் குறுக்குப் பகுதியான யோக்கின் தகடுகளைப் பிரித்து மறுபடி அடுக்குவார்கள். இரும்புச் சுத்தியலால் தட்டிச் சேர்த்தால் தகடு நெளியும், மணிகளின் ஒழுங்கு கெடும், இழப்பு ஏறும். மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டுகிற மேஸ்திரியைக் கண்டால் நம்பி வேலை கொடுக்கலாம். இன்னொன்றும் உண்டு: பழைய டிரான்ஸ்பார்மரை உடைத்து எடுத்த தகட்டை வெட்டி, பெயிண்ட் அடித்து, புதிது என்று தள்ளிவிடுவது. தகட்டின் விளிம்பில் பிசிறு விரலில் நெருடினால், மேல்பூச்சில் கீறல் இருந்தால், தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

மண்டபம், பள்ளிக்கூடம், சீசனுக்கு மட்டும் ஓடும் ரைஸ் மில் ஆகியவற்றுக்கு நான் அமார்பஸ் பக்கம்தான். தொடர்ந்து நல்ல லோடு இருக்கும் இடத்தில் நல்ல தரமான சி.ஆர்.ஜி.ஓ. போதும்.

அடுத்து எல்லோரும் சண்டை போடும் விஷயம், செம்பா அலுமினியமா? எங்கள் ஊரில் "காப்பர் வைண்டிங்" என்று சொன்னாலே பாதி வியாபாரம் முடிந்துவிடும். "அலுமினியம்னா ஏமாத்துறாங்கன்னு அர்த்தம் தம்பி" என்று ஒரு ரைஸ் மில் முதலாளி என்னிடம் அடித்துச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அலுமினியத்தின் மின் கடத்தல் செம்பில் 61 சதவீதம். அதனால் அதே இழப்புக்குக் கம்பியின் குறுக்களவு 1.6 மடங்கு வேண்டும். ஆனால் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், மொத்தத்தில் பாதி எடை உலோகமே போதும். சரியாக வடிவமைத்தால் இரண்டின் இழப்பும் ஒன்றுதான். டேங்க் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவே. எல்.டி. எனும் தாழ்வழுத்தப் பக்கம் கம்பிக்குப் பதிலாக அகலமான அலுமினியத் தகட்டைச் சுருளாகச் சுற்றும் முறை எனக்குப் பிடித்தமானது. ஷார்ட் சர்க்யூட் வரும்போது தகட்டின் அகலம் முழுவதும் கரண்ட் தானாகவே சரியாகப் பிரிந்துகொள்வதால், காயிலை மேலும் கீழும் தள்ளும் விசை வெகுவாகக் குறையும்.

அலுமினியத்தின் பலவீனம் சுற்றில் இல்லை, ஜாயின்டில் இருக்கிறது. காற்று பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் உருவாகும், அது கரண்டைக் கடத்தாது. சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், இரும்பு போல்ட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். வேலூர் கத்திரி வெயிலில் பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, இதுவே நூறு தடவை நடந்தால் போல்ட் தளர்ந்துவிடும். ஒரு தொழிற்சாலையில் டேங்கிலிருந்து கரண்ட் வெளியே வரும் எல்.டி. புஷிங்கைக் கழற்றியபோது, கேபிள் நுனியில் மாட்டும் செம்பு லக்கை அலுமினியப் பட்டையோடு நேராக முடுக்கியிருந்ததைப் பார்த்தேன். தொட்ட இடத்தில் வெள்ளைப் பொடி, ஓரத்தில் நீலம் பாய்ந்த வாஷர், பக்கத்து கேஸ்கெட் கருகிப் பிசுபிசுத்திருந்தது. காயிலில் ஒரு குறையும் இல்லை. இரண்டு உலோகம் சேர்ந்த பை-மெட்டல் லக், ஸ்பிரிங் மாதிரி அழுத்திப் பிடிக்கும் குழிந்த வாஷர் இரண்டையும் போட்டிருந்தால் அந்த டிரான்ஸ்பார்மர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

செம்புக்கும் எங்கள் ஊரில் ஓர் எதிரி உண்டு. தோல் பதனிடும்போது சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்பைடு போடுவார்கள். அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அது செம்பையும் வெள்ளிப் பூச்சையும் கருக்கிவிடும். ஆயிலுக்குள் இருக்கும் காயிலைத் தொடாது, வெளியே இருக்கும் டெர்மினலை விடாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் வேலை நடக்கும் எந்த ஊரிலும் வெளி டெர்மினலுக்கு வெள்ளீயம் பூசிய செம்பும், மாதம் ஒரு முறை பார்வையும் வேண்டும்.

திருட்டு இன்னொரு பக்கம். ஒதுக்குப்புறமான வயலில் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் ஆயிலைக் கொட்டிவிட்டு, செம்புக் காயிலை அறுத்துக்கொண்டு போவது ஊர் அறிந்த கதை. பயிர் தண்ணீருக்குத் தவிக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் விவசாயியின் வயிறு எரியும். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்கு அந்த விலை கிடையாது. காவல் இல்லாத இடத்தில் அலுமினியமே மேல் என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் இடம் குறைவு, லோடு கனம், அடிக்கடி ஷார்ட் சர்க்யூட் வரும் நீளமான லைன் என்றால் செம்புதான். திருவலம் பக்கம் இருக்கும் 765 கே.வி. துணை மின் நிலையம் போன்ற இடத்துக்கு அலுமினியமோ அமார்பஸோ பேச்சுக்கே வராது. அங்கே உயர்தர சி.ஆர்.ஜி.ஓ., முறுக்கிச் சேர்த்த செம்புக் கம்பி, மினரல் ஆயில்.

ஆயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மினரல் ஆயில் விலை குறைவு, ஊரிலேயே வடிகட்டலாம், எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கம். ஆனால் 170 டிகிரிக்குள் தீப்பிடித்து எரியத் தொடங்கும். தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர் 350 டிகிரியைத் தாண்டினால்தான் எரியும், மண்ணில் சிந்தினாலும் மக்கிவிடும். ஏற்கெனவே தோல் கழிவால் நொந்து கிடக்கும் பாலாற்றங்கரைக்கு அது சின்ன விஷயமல்ல. எஸ்டரில் இன்னொரு நன்மை, மினரல் ஆயிலைவிடப் பல மடங்கு ஈரத்தை அது தன்னுள் வாங்கிக்கொள்ளும் என்பதால், காயிலில் சுற்றிய காகித இன்ஸுலேஷன் காய்ந்தே இருக்கும், ஆயுளும் நீளும். ஆனால் காற்றோடு தொடர்பு இருந்தால் கெட்டியாகிவிடும். வெளிக்காற்று வந்து போகும் பிரீதர் வைத்த பழைய டேங்கில் ஊற்றாதீர்கள், முழுக்க மூடிய டேங்க் வேண்டும்.

கட்டடத்துக்குள் வைக்க வேண்டிய நிலை வந்தால், எபாக்ஸியில் வார்த்த உலர் வகை. மருத்துவமனைக்கும் அடுக்கு மாடிக்கும் பொருத்தம், தீ பயம் குறைவு. தோல் தூசு பறக்கும் ஷெட்டுக்குள் வைத்தால் காற்று வழிகள் அடைத்துக்கொள்ளும். காயில் வெடித்தால் ரீவைண்டிங்கும் கிடையாது, முழுக் காயிலையும் கம்பெனியிலிருந்து வாங்க வேண்டும்.

பொருள் எதுவாக இருந்தாலும், செய்முறையில் நான் முதலில் விசாரிப்பது உலர்த்தலைத்தான். காற்றில் கிடக்கும் காகிதத்தில் எடையில் 6 முதல் 8 சதவீதம் ஈரம் இருக்கும். அதை அரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் ஆயில் ஊற்ற வேண்டும். சின்னப் பட்டறைகளில் சூடான காற்று அடுப்பு, நல்ல தொழிற்சாலைகளில் வெற்றிட அடுப்பு, பெரிய பவர் டிரான்ஸ்பார்மர்களுக்கு மண்ணெண்ணெய் வகை ஆவியால் சூடாக்கி ஈரத்தை இழுக்கும் முறை. சூடான காற்று மட்டும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. பொறுமையாகச் செய்தால் சின்ன டிரான்ஸ்பார்மருக்குப் போதும்தான். அடுப்பில் ஏற்றியதும் மெகர் கருவி காட்டும் இன்ஸுலேஷன் அளவு இறங்கும், பயப்படக் கூடாது, சூட்டினால் அப்படித்தான் இறங்கும். பிறகு ஈரம் வெளியேற வெளியேற மெல்ல ஏறும். ஏறி, மணிக்கணக்கில் ஒரே அளவில் நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். ஏறத் தொடங்கியவுடனே எடுத்துவிடுவதுதான் நான் கண்ட தவறுகளிலேயே பெரியது. ஏனென்றால் அந்த டிரான்ஸ்பார்மர் டெஸ்டில் தேறிவிடும், முதல் மழைக்காலத்தைத் தாண்டாது. காகிதம் நாள்பட்ட சூட்டிலும் சாகும். 98 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது துறையின் பழைய கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வெயில் நேராக அடிக்கும் இடத்தில் மேடை கட்டினால் அந்தக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும்.

எரிந்து போனதை ரீவைண்டிங் செய்வதா, புதிது வாங்குவதா என்று கேட்டால், கோரைப் பார்த்துத்தான் பதில். காயிலைப் புதிதாக்கலாம், இருபது வருடத்துக்கு முந்தைய கோர் அப்படியேதான் இருக்கும். 2014-ல் மாறிய ஐ.எஸ். 1180 தரம், இரும்பு, செம்பு இரண்டையும் சேர்த்து 50 சதவீத லோடிலும் முழு லோடிலும் மொத்த இழப்புக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 100 கே.வி.ஏ.க்கு அதன் இரண்டாம் திறன் நிலையில் 475 வாட், 1650 வாட். பழைய தரத்தில் அதே கணக்கு 700 வாட், 2020 வாட். ரீவைண்டிங் முடிந்து வண்டியில் ஏற்றுமுன், லோடு இல்லாமல் எல்.டி. பக்கம் 433 வோல்ட் கொடுத்து, வாட் மீட்டரை உங்கள் கண்ணால் பாருங்கள். அதில் காட்டும் அளவை 8760-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கினால் வருடச் செலவு கையில் வந்துவிடும். புதியதற்கும் அதே கணக்கைப் போட்டு, விலை வித்தியாசத்தை எத்தனை வருடத்தில் எடுக்கலாம் என்று பட்டறை வாசலிலேயே முடிவு செய்துவிடலாம்.