கால் எட்டாத எம்டி-03: 14,000 கிலோமீட்டருக்குப் பிறகு

யமஹா எம்டி-03 என் முதல் பைக். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, ஓடோமீட்டரில் 14,000 கிலோமீட்டர் சொச்சம். என் உயரம் 5 அடி 3 அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த பைக்கில் நான் மாட்டியது, கழற்றியது, உடைத்தது பலவும் என் குட்டைக் கால்களில் இருந்து தொடங்கியவைதான்.

முதலில் பைக்கைப் பற்றி. 321 சிசி, இரட்டை சிலிண்டர், 42 பிஎஸ் (குதிரைத்திறன்). பெட்ரோல் நிரப்பிய எடை 168 கிலோ. 42 பிஎஸ் என்றதும் புதிதாக ஓட்டுகிறவருக்குப் பயமாக இருக்கும். ஆனால் அந்த முழு சக்தியும் வருவது 10,750 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றும்போது. அதற்கு வெகு கீழே, 3,000, 4,000 என்று ஊர்ந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் சாதுவாகவே இருக்கும். பள்ளத்தில் குலுங்கி என் கை தெரியாமல் ஆக்சிலரேட்டரை முறுக்கிய சமயங்கள் உண்டு. பைக் துள்ளவில்லை, லேசாக முன்னால் நகர்ந்ததோடு சரி. முதல் பைக்குக்கு இந்தப் பொறுமைதான் வேண்டும். இதற்கு விலையாக, ஆறாவது கியரில் இருந்துகொண்டு லாரியை முந்த முடியாது. இரண்டு கியர் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிவிட்டால் அப்புறம் அது வேறு பைக்.

முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, ஃபேரிங் என்கிற பக்கவாட்டு உறை எதுவும் இல்லாத வண்டி என்பதால் 100ஐத் தாண்டினால் காற்று நெஞ்சில் வந்து மோதும். அது இந்த வகை பைக்குகளின் பிறவிக் குணம். எனக்கு அது பிடித்திருக்கிறது, வேகத்தை அதுவே நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

சீட் உயரம் 780 மி.மீ. காகிதத்தில் குறைவுதான். ஆனால் சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலிலும் எனக்குப் பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. முதல் மாதமே பின்பக்கத்தை 25 மி.மீ. தாழ்த்தும் ஒரு பாகத்தை வாங்கி மாட்டினேன். மாட்டிய அன்று சந்தோஷம்தான், பாதி பாதம் ஊன்றியது. மூன்றாம் நாள் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பைக் வலது பக்கமாகச் சாய்ந்து, என் கண்ணெதிரே, அவசரமே இல்லாமல் விழுந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பைக் தாழ்ந்துவிட்டது, சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி ஏறக்குறைய நேராக நின்றுகொண்டிருந்தது. தரை வலப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தால் போதும். அதோடு முடியவில்லை. பின்பக்கம் மட்டும் இறங்கியதால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடி, வளைவில் பைக் தயங்கித் தயங்கித் திரும்பியது. ஹெட்லைட் எதிரே வருகிறவர்கள் கண்ணுக்கு நேராக ஏறியது. ஒரு காலடி வசதிக்காக மூன்று விஷயங்களைக் கெடுத்திருந்தேன்.

அன்று என்னைக் காப்பாற்றியது, வாங்கிய நாளே மாட்டிய இன்ஜின் பக்க ஸ்லைடர், அதாவது வண்டி விழுந்தால் முதலில் தரையில் உரசி இன்ஜினைக் காக்கும் குமிழ். அதன் பிளாஸ்டிக் குமிழ் உரசிப் போனது, பிரேக் லீவரின் நுனி வளைந்தது, இன்ஜின் மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் பைக்கைக் கீழே போடுவது பெரும்பாலும் நிற்கும்போதும் யூ-டர்ன் எடுக்கும்போதும்தான். அதனால் ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் இருந்தால், நான் இதைத்தான் சொல்வேன்.

தாழ்த்தும் பாகத்தை அந்த வாரமே கழற்றினேன். பதிலாகக் கற்றுக்கொண்டது, நிற்கும்போது இரண்டு காலையும் ஊன்ற முயலாமல் இருப்பது. பின் பிரேக்கில் வலது காலை வைத்துக்கொண்டு, இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தினால் இடது பாதம் முழுதாகத் தரையில் பதிகிறது. கொஞ்சம் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. காலி மைதானத்தில் இரண்டு மாலை பழகினேன். இன்று சீட் உயரம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

செலவே இல்லாத ஒரு வேலையையும் ரொம்பத் தாமதமாகச் செய்தேன். ஹேண்டில்பாரில் லீவர்களைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, அவற்றைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினேன். சீட்டில் இயல்பாக உட்கார்ந்து விரல்களை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதுவரை மணிக்கட்டை மேலே மடித்தே கிளட்ச் பிடித்துக்கொண்டிருந்தேன், வலிக்கு கிளட்சைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பின் ஷாக்கை இறுக்கவும் தளர்த்தவும் ஏழு படிகள் இருக்கின்றன. பின்னால் ஆள் ஏறும்போது இரண்டு படி கூட்டுகிறேன், இறங்கியதும் குறைக்கிறேன். பலர் அதைத் தொட்டதே இல்லை. என் விரல்களும் குட்டை என்பதால் தூரத்தை மாற்றக்கூடிய லீவர்களைப் பிறகு வாங்கினேன். வளைந்த லீவரை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது!

சைலன்சரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கடைசிக் குழாயை மட்டும் மாற்றினேன். எடை கொஞ்சம் குறைந்தது, சக்தியில் என் கைக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருந்தது, நான்காவது மணி நேரம் தலை வலித்தது. நான்கு மாதத்தில் விற்றுவிட்டேன். இன்ஜினில் இருந்தே முழுக் குழாயையும் மாற்றுவதென்றால் எரிபொருள் அளவை நிர்ணயிக்கும் மென்பொருளையும் திருத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடாகும். முதல் வருடத்தில் அந்தத் தலைவலி வேண்டாம்.

பின் மட்கார்டைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று வைத்தேன். பார்க்க அழகு. மழையில் என் முதுகு முழுக்கச் சேற்றுக்கோடு. பழையதே திரும்பி வந்துவிட்டது.

இப்போது பின் டயர் மாற்றும் நேரம். 140 மி.மீ. அகல டயருக்குப் பதில் 150 போடு, கம்பீரமாக இருக்கும் என்று ஒரு நண்பர் விடாமல் சொல்கிறார். பின் வீலின் அகலம் 4 அங்குலம். அதில் 150ஐத் திணித்தால் டயர் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு நடுவில் கூம்பிக்கொள்ளும், சாய்க்கும்போது சீராக இருக்காது. அதே 140/70-17ஐச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் முதல் 150 கிலோமீட்டர் மெதுவாகத்தான், புது ரப்பரின் வழவழப்பு போகிற வரைக்கும்.