ரமணாசிரமத்தின் பழைய தியான மண்டபம்: எதையும் கற்பிக்காத இடம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஸ்ரீ ரமணாசிரமத்துக்குத் தியானம் கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு செல்பவர்கள் முதலில் சற்றுத் திகைத்துப் போவார்கள். அங்கே வகுப்பும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று சொல்வாரும் இல்லை. பழைய தியான மண்டபத்துக்குள் போய்த் தரையில் அமரலாம், எழத் தோன்றும்போது எழுந்து வரலாம். இவ்வளவுதான் என்றாலும், மனம் அடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை.

1896-இல், பதினாறு வயதில், மதுரையிலிருந்து திருவண்ணாமலையின் அருணாசல மலையை நாடி வந்த ரமணர், மலைமேலுள்ள விரூபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்து, 1922-இல் அன்னை அழகம்மாள் மறைந்தபின் மலையடிவாரத்தில் தங்கினார். அங்கே ஆசிரமம் வளர்ந்தது. இந்த மண்டபத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு சோபாவில் இருந்தபடியே அவர் வருவோரைச் சந்தித்தார். கேட்டவர்களுக்கு விடை சொன்னார், கேளாதவர்களோடு மௌனமாக இருந்தார். அந்தச் சோபாவும் அதன்மேல் அவருடைய படமும் இன்றும் அங்கே இருக்கின்றன.

உட்கார்ந்தவுடன் அமைதி வந்துவிடுவதில்லை. கால் மரத்துப்போகிறது, முடிக்காமல் விட்டுவந்த வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன, வெளியே மயில் அகவுகிறது, சாலையில் பேருந்துகள் ஒலியெழுப்புகின்றன. எழுகின்ற எண்ணத்தைத் துரத்தாமல், அது யாருக்கு எழுந்தது என்று மட்டும் பார்க்கச் சொன்னார் ரமணர். அந்த ஒரு கேள்வியோடு பொறுத்து அமர்ந்திருந்தால், ஒலிகள் குறையாமலேயே அவற்றின் மீதுள்ள எரிச்சல் குறைவதை உணர முடிகிறது. என் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று வெகுகாலம் தேடிக்கொண்டிருந்த எனக்கு அங்கே விடை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் விடை தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பு தணிந்தது. அதையே நான் பெற்ற அருளாகக் கருதுகிறேன்.

தங்குவதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். கட்டணம் கிடையாது, விரும்பியதைக் காணிக்கையாகச் செலுத்தலாம். நண்பகலுக்கு முன்பே எல்லோரும் வரிசையாகத் தரையில் அமர்ந்து எளிய சைவ உணவு உண்கிறார்கள். மாலையில் வேத பாராயணமும் தமிழ்ப் பாராயணமும் நடைபெறுகின்றன. அருணாசலத்தைப் போற்றி ரமணர் இயற்றிய அட்சரமணமாலையைப் பலர் கூடிப் பாடும்போது மௌனத்துக்கும் பக்திக்கும் இடையே பிளவு எதுவும் இல்லை என்று தோன்றுகிறது.

பௌர்ணமி கிரிவல நாட்களிலும் கார்த்திகை தீபத்தை ஒட்டியும் ஊர் முழுவதும் கூட்டம் நிறைந்திருக்கும் என்பதால், மண்டபத்துக்காகவே வருபவர்கள் அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்குச் செல்லும் கற்பாதையில் காலை வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு வந்து அமர்ந்தால் உடலும் ஒத்துழைக்கிறது. அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் உடனிருந்து சொல்வதை எதிர்பார்ப்பவர்கள், முறையான பயிற்சி தரும் ஓரிடத்தில் சில காலம் பழகிவிட்டு இங்கே வருவது பொருத்தமாக இருக்கும்.