லீகல் ஒப்பீனியன் சர்வீஸ், மதுரை: குடுத்த காசுக்கு ஒர்த்துதான், ஆனா நாமளும் கூடவே நிக்கணும் (4/5)

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல வீடு வாங்குறதுக்கு லீகல் பாத்தேன், அதாவது விக்கிறவங்களுக்கு உரிமை சரியா இருக்கான்னு பேப்பரப் பாத்து வக்கீல் எழுதிக் குடுக்குறது, அதோட ரிவியூ இது. பேர் போடல, கொறையும் சொல்லப்போறேன்ல. ஃபீஸ் எட்டாயிரம், ஜெராக்ஸு, பழைய வில்லங்கத்துக்கு மனு போட்ட செலவெல்லாம் தனி. "எட்டாயிரமா, நம்ம டாக்குமெண்ட் ரைட்டர் ஆயிரத்துக்கே பாத்துச் சொல்லிருவாருண்ணே"ன்னாரு புரோக்கர். அவருக்கு கமிஷன் சீக்கிரம் கைக்கு வரணும், அவர் கவல அவருக்கு.

வீடு திருமங்கலம் பக்கம், வெல 45 லட்சம். விக்கிறது அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அவங்க அம்மாவும். அப்பா 1984ல சொந்தக் காசுல கிரயம் வாங்கினது, 1998ல உயில் எதுவும் எழுதாம தவறிட்டாரு. ஈசி, அதான் வில்லங்கச் சான்று, போட்டுப் பாத்தா பளிச்சுன்னு இருக்கு, 84 கிரயம், நடுவுல ஒரு பேங்க் அடமானம், அதுக்கு ரசீதும் போட்டு முடிச்சிருக்காங்க. பட்டா மூணு பேர் பேருக்கும் மாறியாச்சு, வரி ரசீது கரண்ட் பில்லு எல்லாம் பக்கா. பேங்க்ல லோனும் குடுத்துருவாங்கன்னு வேற சொன்னாங்க. லோன் கெடச்சா டைட்டில் க்ளியர்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்க இருக்கு பாருங்க, அது எப்பிடி வந்துச்சோ தெரியல, பேங்க் வக்கீல் பாக்குறது பேங்க்கோட பணத்துக்கு, நமக்கில்ல.

இந்த வக்கீல் பேப்பர் எல்லாத்தையும் வாங்கி ஓரமா வச்சுட்டு முதல்ல ஒரு வெள்ளத்தாள எடுத்து குடும்ப மரம் வரைய ஆரம்பிச்சாரு, எனக்கு இதுதான் பிடிச்சிது. ஈசில பதிவான பத்திரம் மட்டுந்தான் வரும், செத்தவருக்கு எத்தன புள்ள, யார் யாருக்குப் பங்குன்னெல்லாம் வராது, பதிவு பண்ணாத உயில் இருந்தா அதுவும் வராது, பட்டாவ வச்சு மட்டும் ஓனர்னு சொல்லிற முடியாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாரு. வாரிசு சர்டிபிகேட்ட எடுத்துப் பாத்தா அதுல ஒரு தங்கச்சி பேர் இருக்கு. பட்டா மாத்தும்போது மட்டும் அந்தப் புள்ளயக் காணோம்!

விக்கிறவங்கள வரச்சொல்லிக் கேட்டாரு. பெரியவரு கொஞ்சமும் அசரல, "அவளுக்கு நாப்பது பவுன் போட்டு சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு சார், திருப்பூர்ல நல்லாருக்கா, அவ ஒண்ணும் கேக்க மாட்டா, இருவது ரூவா பத்திரத்துல எழுதியே குடுத்துருக்கா"ன்னாரு. வக்கீல் சிரிச்சுக்கிட்டே, "சீர் செஞ்சது உங்க பெருமைங்கய்யா, அதுக்காகப் பங்கு போயிராது. விட்டுக்குடுக்கணும்னா விடுதலைப் பத்திரமாப் போட்டு ரிஜிஸ்டர் பண்ணணும், இந்தத் தாள் செல்லாது"ன்னாரு. நான் உடனே எனக்குத் தெரிஞ்சத எடுத்து விட்டேன், 2005 சட்டம், 2020 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னு. அதெல்லாம் பூர்வீகச் சொத்துல பொம்பளப் புள்ளைகளுக்குப் பிறப்பால வர்ற பங்கப் பத்துனது, இது அப்பா தனியா வாங்கின சொத்து, உயில் இல்லாம செத்தா 1956 வாரிசுரிமைச் சட்டத்துலயே மகளுக்கும் மகனுக்கும் சமபங்குதான்னு சொன்னாரு. இத ரொம்பப் பேர் கொழப்பிக்கிறாங்க.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எட்டாயிரத்துக்கும் மேல. "98ல உங்க அப்பா தவறுனப்ப அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களா?"

இருந்திருக்காங்க. 2003ல தான் தவறியிருக்காங்க. வாரிசு சர்டிபிகேட் 2006ல வாங்கினது, அதனால பாட்டி பேரே அதுல இல்ல. ஆனா இந்து வாரிசுரிமைச் சட்டத்துல மகன் செத்தா பொண்டாட்டி புள்ளைங்களோட அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, அப்பா கெடையாது, அம்மா உண்டு. அப்ப 98லயே சொத்து அஞ்சு பங்காயிருச்சு, பொண்டாட்டி, அம்மா, ரெண்டு மகன், ஒரு மக. பாட்டி அவங்க பங்க உயில் எழுதாமப் போனதால அந்த அஞ்சுல ஒண்ணு மறுபடி மூணாப் பிரியுது, பாட்டியோட இன்னொரு மகனுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு, செத்துப்போன மகனோட புள்ளைங்க எல்லாருக்கும் சேத்து ஒண்ணு. அதாவது விக்கிறவங்களோட சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்குப் பதினஞ்சுல ஒரு பங்கு. 45 லட்சத்துல 3 லட்சம். தங்கச்சிக்கு அஞ்சுல ஒண்ணு 9 லட்சம், பாட்டி வழியில இன்னொரு லட்சம். இது எதுவுமே ஈசியிலயும் இல்ல பட்டாவுலயும் இல்ல. நாளைக்கு இவங்கள்ல யாராவது பாகம் கேட்டு கேஸ் போட்டா நான் கோர்ட்டுக்கு அலையணும், மூணு பேர் கையெழுத்துக்கு அந்த மூணு பேர் பங்கு மட்டுந்தான் எனக்குச் சேரும்.

தீர்வும் அவரே சொன்னாரு. தனித்தனியா விடுதலப் பத்திரம்னு அலையாம தங்கச்சி, சித்தப்பா, அத்தை மூணு பேரும் கிரயப் பத்திரத்துலயே விக்கிற பார்ட்டியாச் சேந்து கையெழுத்துப் போடட்டும், பணம் அவங்கவங்க அக்கவுண்டுக்கே போகட்டும்னாரு. நல்லவேள மைனர் யாரும் இல்ல, இருந்திருந்தா அதுக்குக் கோர்ட் பெர்மிஷன் வாங்கணும், அது இல்லாம வித்தா அந்தப் புள்ள மேஜர் ஆனப்புறம் மூணு வருசத்துக்குள்ள விப்பனைய ரத்து பண்ணக் கேக்கலாமாம்.

இப்ப கொற. போன் எடுக்க மாட்டாரு, வாட்சப்ல ரெண்டு டிக் நீலமாகும் பதில் வராது. ஒரு வாரம்னு சொன்ன ஒப்பீனியன் ரொம்ப இழுத்துச்சு. கோர்ட்ல கேஸ் நடக்குதான்னு ஈகோர்ட்ஸ்ல தேடுற வேலய ஜூனியர் தம்பிகிட்ட விட்டாரு, தம்பி அண்ணன் தம்பி பேர மட்டும் போட்டுத் தேடிட்டு இல்லன்னு எழுதிட்டான். செத்துப்போன அப்பா பேர், பாட்டி பேர், அத்தை பேர்லயும் தேடுப்பான்னு நான்தான் பக்கத்துல உக்காந்து தேட வச்சேன். அத்தைதான கேஸ் போடுவாங்க, அவங்க பேர்ல தேடாம எப்பிடி? அப்புறம் எடத்த அளக்குறது, எஃப்எம்பியோட, அதான் சர்வே அளவு வரைபடத்தோட, ஒத்துப் பாக்குறதெல்லாம் இவங்க சர்வீஸ்ல கெடையாது, சர்வேயர் தனியாப் பாத்துக்கணும். ஒப்பீனியன் தமிழும் வாயில நுழையாது, "மேற்படி சொத்தின் மேற்படியார்"னு ஒரு பக்கத்துக்கு.

விக்கிறவங்க மொதல்ல கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க, அப்புறம் அவங்களே திரும்பி வந்தாங்க. அத்தை சம்மதிச்சிட்டாங்க, சித்தப்பா கொஞ்சம் கூடக் கேக்குறாராம், அது அவங்க குடும்பத்துக்குள்ள, வெலய நான் ஏத்தல. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் அக்ரிமெண்ட்டு, அதுவரைக்கும் அட்வான்ஸ் ஒரு ரூவா கெடையாதுன்னு சொல்லிட்டேன்.

போறவங்க மூலப்பத்திரம், வாரிசு சர்டிபிகேட் இதுகளோட குடும்பத்துல தவறுனவங்க எல்லாரோட இறப்புச் சான்றும் தேதியோட கேட்டு வாங்கிட்டுப் போங்க. ஈசி அரசாங்க சைட்லயே 1975ல இருந்து ஃப்ரீயாப் பாக்கலாம், அதுக்குக் காசு குடுக்காதீங்க. ஜூனியர் மட்டும் இருக்குற நேரத்துல போகாதீங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா சீனியரே இருப்பாரு.