சாப்பாடு, ஓவியம், இசை: சென்னையில் எங்கே எது சிறக்கிறது?

உணவகமே ஓவியக்கூடமாகவும் கச்சேரி மேடையாகவும் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பிடுகிறவர்கள் பேசுவார்கள், ஓவியத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும், இசைக்கு அமைதி வேண்டும். மூன்றையும் ஓரிடத்தில் வைத்தால் ஏதாவது ஒன்று அடிபடுகிறது. எது என்பதுதான் என் கேள்வி.

ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் இருக்கும் அமெதிஸ்ட், முன்பு கோபாலபுரத்தில் இருந்தது. தோட்டத்துக்கு நடுவே உணவகம். கண்காட்சிக்கும் நிகழ்ச்சிகளுக்கும் 'ஃபாலி' என்ற தனி இடம். அந்தத் தனி இடம்தான் அதன் பலம். வேறோர் உணவகத்தில் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே வீணை கேட்டிருக்கிறேன். தந்தியை இழுத்து ஒரு கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, குழைத்துக் குழைத்துக் கொண்டுவந்தபோது காபி இயந்திரம் சீறியது. அந்த இழைப்பு யார் காதிலும் விழவில்லை. கலைஞர் அதே இழைப்பை மறுபடி வாசித்தார். அப்போது பில் வந்தது.

ஓவியத்துக்கு என் ஓட்டு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கே. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் உருவாக்கியது. பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்; யாருடைய நாற்காலியும் குறுக்கே இருக்காது. திறந்தவெளி அரங்கும் உண்டு. சாப்பாட்டுக்காகவே அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. தென்னாட்டுப் பழைய வீடுகள், கண்காட்சிக்கூடம், கலை நிகழ்ச்சிகள், உணவகம் எல்லாம் உண்டு. டிக்கெட் எடுத்து, ஒரு பகலை ஒதுக்கிப் போக வேண்டிய இடம். செவ்வாய் விடுமுறை.

இசைக்கு மார்கழி சபாக்களை மிஞ்ச எதுவும் இல்லை. பாட்டு அரங்குக்குள், கீரை வடையும் காபியும் வெளியே கேன்டீனில். ஓவியத்துக்கு அங்கே இடமில்லை என்றாலும் கேட்பவருக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. ஒரே ஒரு மனக்குறை: தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். மிருதங்கக்காரரும் கடம் வாசிப்பவரும் அதுவரை காத்திருந்தது அந்தச் சில நிமிடங்களுக்காக. அவர்களுக்காகவாவது உட்கார்ந்திருங்கள்.

வெளியூரிலிருந்து வருபவருக்கு ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் அமெதிஸ்ட்டுக்குப் போகச் சொல்வேன். ஃபாலியில் அன்று என்ன நிகழ்ச்சி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.