சின்ன கேபினெட்: மினி-ஐடிஎக்ஸா, மைக்ரோ-ஏடிஎக்ஸா?

சின்ன கேபினெட்டுக்குள் (கம்ப்யூட்டர் பெட்டி) பொருந்தும் மதர்போர்டு, அதாவது பாகங்களையெல்லாம் செருகும் தாய்ப்பலகை, பெரும்பாலும் இந்த இரண்டு அளவில் வரும். மினி-ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம். மைக்ரோ-ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம். பார்த்தால் நான்கு விரற்கடை வித்தியாசம்தான். ஆனால் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஏசி இல்லாத அறையில் ஓடப்போகும் கம்ப்யூட்டர் என்றால் மைக்ரோ-ஏடிஎக்ஸையே எடுங்கள்.

முதல் காரணம் சூடு. அறைச்சூடு 12 டிகிரி ஏறினால் பிராசஸர் சூடும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். 24 டிகிரி அறையில் 72-ல் நிற்கும் பிராசஸர், கத்திரி வெயிலில் 36 டிகிரி அறையில் 84-ஐத் தொடும். உள்கொள்ளளவு 10 லிட்டருக்கு உட்பட்ட ஐடிஎக்ஸ் கேபினெட்டுகள் பலவற்றில் 70 மி.மீ. உயரத்துக்கு மேல் கூலர் (பிராசஸரைக் குளிர்விக்கும் ஃபேனும் தகடுகளும்) வைக்க முடியாது. 25, 30 லிட்டர் மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினெட்டில் 150 மி.மீ. தாண்டிய டவர் கூலரே நிற்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கூலர் உயர எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது தூசி. சம்பா அறுவடை சமயத்தில் களத்திலிருந்து பறக்கும் நெல் சுணை கூலர் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் படிந்துவிடும். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் 120 மி.மீ. ஃபேன் இரண்டு, பின்பக்கம் வெளியேற்ற ஒன்று, முன்னால் கழற்றிக் கழுவும் வலை. இப்படி அமைத்தால் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே தவிரத் தூசி நுழையாது. வலை அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அறுவடை நாட்களில் வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) இன்னும் முக்கியம். மழைக்கால மின்னலிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் முதலில் அடிவாங்குவது அதுதான். மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினெட்டுகள் பெரும்பாலானவற்றில் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் பொருந்தும். கும்பகோணம் கடையிலேயே மாற்றிவிடலாம். சின்ன ஐடிஎக்ஸ் கேபினெட் கேட்கும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய எஸ்எம்பிஎஸ் வகைக்குப் பெரும்பாலும் சென்னையிலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மைக்ரோ-ஏடிஎக்ஸிலும் ஒரு பொறி உண்டு. மலிவான எச்610 (இன்டெல் பிராசஸருக்கான ஒரு சிப்செட்) போர்டுகள் பல, அகலம் குறைத்துச் செய்யப்பட்டவை. வலது ஓரத்துக்குத் திருகு கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டரை அழுத்தும்போது போர்டு வளையும், ஆகவே ஓரத்தை விரலால் தாங்கிப்பிடித்துச் செருகுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் (கேபினெட்டில் போர்டைத் தாங்கும் சிறு தூண்) நின்றால் கழற்றிவிடுங்கள். அடியில் சால்டர் முனையைத் தொட்டால் ஷார்ட் ஆகும். கேபினெட்டின் பின்பக்க ஸ்லாட் மூடிகள் திருகு வைத்தவையாக இருக்கட்டும். உடைத்தெடுக்கும் தகடு என்றால் திரும்ப மூட வழியில்லை, அந்த ஓட்டை பல்லிக்கு வாசல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் அதே வழியாக வரும்.

ஏசி அறை, அடிக்கடி தூக்கிக்கொண்டு போகவேண்டிய வேலை என்றால் மட்டும் ஐடிஎக்ஸ் சரி. பிராசஸர் 65 வாட் வகையாக இருக்கட்டும். ரேம் ஸ்லாட் இரண்டுதான் என்பதால் 8 ஜிபி இரண்டு போட்டு நிரப்பாமல், 16 ஜிபி ஒன்று போட்டு மற்றதைக் காலியாக விடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டிக்கான (போர்டிலேயே செருகும் சேமிப்பு அட்டை) இடம் அடிப்பக்கம் இருக்கும். அதை மாட்டிய பிறகே போர்டை உள்ளே இறக்குங்கள். பிராசஸருக்கான 8 பின் ஒயரைக் கூலருக்கு முன்பே செருகுங்கள், கூலர் உட்கார்ந்துவிட்டால் விரல் போகாது.