இடுப்பில் பிஸ்டலா, வெறுங்கையா?

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே இடுப்பில் பிஸ்டலுடன் கடைவீதிக்குப் போகலாம். போவதால் உயிருக்குப் பாதுகாப்பு கூடுகிறதா?

கூடுகிறது என்பவர்கள் கையில் வலுவான சாட்சி ஒன்று உண்டு. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் ஒருவன் சுடத் தொடங்கி மூவரைக் கொன்றான். அங்கே பொருள் வாங்க வந்திருந்த 22 வயது இளைஞர் தம் பிஸ்டலால் 15 விநாடிகளில் அவனை வீழ்த்தினார். எந்தப் போலீஸும் அவ்வளவு விரைவில் வந்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பிஸ்டல் இரவில் வீட்டுக்கும் வருகிறதே! அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று கலிஃபோர்னியாவில் நடந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2022இல் சொன்னது. அந்த வீடுகளில் வேறு சிக்கல்களும் இருந்திருக்கலாம்தான். அதற்காக எண்ணைத் தள்ளிவிட முடியவில்லை.

வெறுங்கைக்காரருக்கு ஓட்டமும் கூச்சலும்தான் ஆயுதம். கிரீன்வுட் போன்ற நாளில் அது போதாது. வண்டி நிறுத்தும் இடத்தில் வாய்த்தகராறு முற்றும் நாளிலோ, அதுவே மேல். அங்கேயே அமர்ந்து குடிக்கும் மதுவின் விற்பனையில் பாதிக்கு மேல் வருமானம் பெறும் டெக்சாஸ் மதுக்கூடங்களின் வாசலில் பெரிய சிவப்பு எழுத்தில் 51% என்ற பலகை தொங்கும்: துப்பாக்கியுடன் உள்ளே வராதே. துப்பாக்கிப் பிரியர்களின் மாநிலத்துச் சட்டமே வைத்த பலகை அது.