கைடு கட்ட எந்த நூல்?

கரையில் நின்று கொடுவா, பாறை மீன்களுக்கு வீசுவதற்காக ஒன்பதடி கிராஃபைட் தூண்டில் ராடு ஒன்றை வீட்டிலேயே கட்டினேன். பிளாங்க் (ராடின் வெறும் தண்டு), ரீல் சீட் (ரீலைப் பொருத்தும் இடம்), கைடு (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்) எதை வாங்குவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கைடை பிளாங்க் மேல் வைத்துச் சுற்றிக் கட்டும் நூல் என்று வந்தால் “ஏதாவது நல்ல நூலா பாத்து சுத்துங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் முன்னால் இருந்தவை மூன்று: டெய்லர் கடை பாலியஸ்டர், ராடு கட்டுவதற்கென்றே விற்கும் நைலான், பட்டு.

பட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த பழைய ராடுகளில் அது கொள்ளை அழகு. ஆனால் விலை அதிகம், வெயிலுக்கும் தாங்காது. வலுவைப் பற்றியும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேலே பூசும் எபாக்சிப் பிசின் இறுகிவிட்டால் சாதாரண மீனுக்கு எந்த நூலும் கைடைப் பிடித்துக்கொள்ளும்.

டெய்லர் நூல் தெருமுனையிலேயே கிடைக்கும், கேட்ட நிறத்தில், சல்லிசான விலையில். வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். பிரச்சினை பிசிறுதான். அது பெரும்பாலும் குட்டை இழைகளை முறுக்கிச் செய்தது. சுற்றி முடித்து விளக்குக்கு நேரே பிடித்தால் மேலெல்லாம் பூனைமுடி. ஸ்பிரிட் விளக்கில் சட்டென்று வாட்டினால் பாதி போகும் (மெழுகுவர்த்தி வேண்டாம், கரி படியும்). மீதி எபாக்சியில் விறைத்து நின்று விரலில் நெருடும். பிளேடால் சீவிவிட்டு இன்னொரு பூச்சுக் கொடுக்க வேண்டும். மெஷின் எம்பிராய்டரிக்கு வரும் நீள இழைப் பாலியஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை.

நைலான் வழவழப்பாக இருக்கும், கொஞ்சம் இழுபடும். இறுக்கிச் சுற்றிய பிறகும் கைடை விரலால் இப்படி அப்படி நகர்த்தி நேர்ப்படுத்தலாம். ‘ஏ’ அளவு மெல்லியது, பெரும்பாலான ராடுகளுக்கு அதுவே போதும். ‘டி’ அளவு தடிமன், படகிலிருந்து பெரிய மீன் பிடிக்கிற ராடுகளுக்கு.

நைலான்மேல் எல்லோரும் சொல்லும் குறை நிறம். எபாக்சியும் நைலானும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், பூச்சு ஊறியதும் நூல் பாதி கண்ணாடியாகிவிடும். வெள்ளை நூல் கிட்டத்தட்ட மறைந்தே போகும். மஞ்சள் நூல் கறுப்பு பிளாங்க் மேல் மங்கிப் பழுப்படிக்கும். இதைத் தடுக்கத்தான் எபாக்சிக்கு முன்னால் பூசும் கலர் பிரிசர்வர், அது தேவைப்படாதபடி ஆலையிலேயே பதப்படுத்திய என்சிபி (No Color Preserver) நூல் எல்லாம்.

எனக்கோ அந்தக் குறைக்காகவே நைலான் பிடித்தது. உப்புத் தண்ணீரில் கைடு போவது பெரும்பாலும் அதன் காலில், அதாவது நூலுக்கு அடியில் போகும் தட்டையான பகுதியில்தான். நூல் படியில்லாமல் ஏறட்டும் என்று கால் நுனியை அரத்தால் ராவிச் சாய்க்கிறோம். மேல்பூச்சு போன அந்த இடம்தான் துருவுக்கு வாசல். காலின் இரு பக்கமும் நூலுக்கும் பிளாங்க்குக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு வேறு இருக்கும். எபாக்சி அதில் சரியாக இறங்காவிட்டால் தண்ணீர் உள்ளே தங்கும். ஒளி ஊடுருவாத நூலில் இது ஒன்றும் தெரியாது. பூச்சு வெடித்துக் கைடு ஆடும்போதுதான் தெரியும். வெளிர் நிற நைலானில், பிரிசர்வர் இல்லாமல் பூசினால், இடுக்கில் காற்று நின்ற இடம் வெள்ளிக்கோடாக அன்றைக்கே தெரிகிறது. எபாக்சி இறுகுவதற்குள் லேசாகச் சூடு காட்டி இறக்கிவிடலாம். பின்னாளில் துரு ஆரம்பித்தாலும் நுனியில் பழுப்புக் கறையாகக் காட்டிக்கொடுத்துவிடும். ராவிய நுனி பளபளப்பது அசிங்கம் என்று மார்க்கரால் கறுப்படிப்பவர்கள் உண்டு, நான் அடிப்பதில்லை.

கறை தெரிந்தால் அந்த ஒரு கைடின் நூலை மட்டும் பிரித்தால் போதும். பிளேடை இரும்புக் காலின் முதுகில் வைத்துக் கீற வேண்டும், பிளாங்க் மேல் அல்ல. கொஞ்சம் சூடு காட்டினால் உரிந்து வரும். அதே நூலையே திரும்பச் சுற்றினால் நிறமும் பக்கத்துக் கட்டோடு ஒத்துப்போகும்.

ஏரி, குளத்தில் விரால் பிடிக்கிற ராடுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. எம்பிராய்டரிப் பாலியஸ்டரே தாராளமாகப் போதும், நிறமும் அவ்வளவாக மாறாது. ஜரிகை மாதிரி மின்னும் நூலை ஓரக் கோட்டுக்கு மட்டும்தான் சுற்றியிருக்கிறேன், அதனால் கைடையே அதில் கட்டலாமா என்று கேட்டால் என் அனுபவம் போதாது. கடல் ராடு என்றால் ‘ஏ’ அளவு சாதா நைலான், வெளிர் நிறம். என்சிபி என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள்.